எந்தக் கமரா, யார் முடிவு? சார்ஜாவிலிருந்து கட்டார் வரை ஒரு பார்வை



எமது மாதாந்த உரைகள் அண்மைக் காலமாக வானொலியில் ஒலிபரப்பாவதோடு வீடியோவாகவும் பதிவு செய்யப்படுகின்றன. ஒரு கமரா பேச்சாளரைப் பார்க்கும். ஒன்று அறிவிப்பாளரைப் பார்க்கும். மற்றது இருவரையும் சேர்த்துக் காட்டும். பதிவு முடிந்ததும் எங்கள் இளைய தொண்டர்கள் மூன்று பதிவுகளையும் கணினியில் ஏற்றி ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். யார் பேசுகிறாரோ அவருடைய முகத்துக்குப் படம் தானாகவே மாறிக்கொள்கிறது. முன்பு ஒரு மணி நேர உரையைத் தொகுக்க ஒரு முழுச் சனிக்கிழமை போய்விடும். இப்போது ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும்.

இதைக் கேள்விப்பட்ட நேயர்கள் சிலர், "அப்ப எங்கட கலியாண வீடு, அரங்கேற்றம் எல்லாத்தையும் இப்பிடியே மெசினிட்டைக் குடுத்திடலாம்தானே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வீடியோக்காரருக்குக் கொடுக்கும் காசு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. கமரா மாற்றும் வேலை யார் கையில் இருந்தது, அது எப்படி இயந்திரத்தின் கைக்குப் போனது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கதையை வளைகுடா நாடுகளின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். நம்மில் பலருக்கு அகதி வாழ்க்கை தொடங்குவதற்கு முன்னரே வளைகுடா வாழ்க்கை தொடங்கிவிட்டது. அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ டுபாயிலும் கட்டாரிலும் சவூதியிலும் வேலை பார்க்காத குடும்பம் குறைவு. அத்தோடு, இந்த வரலாற்றின் இரண்டு முக்கியமான காட்சிகள் அந்த மண்ணில்தான் நடந்தன.

மூன்று கண்கள், ஒரு படம்

1937ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி இலண்டனில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலம் நடந்தது. பி.பி.சி. தொலைக்காட்சி தொடங்கி ஆறு மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஹைட் பார்க் மூலையில் மூன்று கமராக்களை நிறுத்தி ஊர்வலத்தை நேரடியாக ஒளிபரப்பினார்கள். கமராக்கள் மூன்று என்றாலும் வீட்டிலுள்ள பெட்டியில் தெரிவது ஒரு படம்தான். எந்தக் கணத்தில் எந்தக் கமராவின் படம் போக வேண்டும் என்பதை ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது மக்களுக்குத் தெரிந்தது. தேர்ந்தெடுக்காத மற்ற இரண்டு படங்களும் அந்தக் கணத்தோடு காற்றில் கரைந்து போயின. அக்காலத்தில் அவற்றைப் பதிந்து வைக்க வசதி இருக்கவில்லை.

அமெரிக்காவில் 1951 ஒக்டோபரில் 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட், பார்வையாளர்கள் முன்னிலையில் நடந்த நாடகத்தை மூன்று பிலிம் கமராக்களால் ஒரே நேரத்தில் படமாக்கும் முறையை அதில் சீர்படுத்தினார். மூன்று கமராவின் பிலிமும் கையில் இருந்தது. தொகுப்பாளர் அவற்றை அருகருகே ஓடவிட்டு, ஆறுதலாக யோசித்து வெட்டி ஒட்டினார். பிடிக்காவிட்டால் மறுபடியும் மாற்றலாம்.

ஆக, தொடக்கத்திலிருந்தே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தேர்ந்தெடுத்துவிட்டு மிச்சத்தை இழப்பது. மற்றது, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுப்பது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள்.

பாலைவனத்தில் ஒரு மைதானம்

கிறிக்கெட் ஒளிபரப்பில் பெரிய மாற்றம் 1977இல் அவுஸ்திரேலியாவில் வந்தது. கெரி பாக்கர் நடத்திய உலகத் தொடர் கிறிக்கெட்டில் மைதானத்தின் இரு முனைகளிலும் கமராக்கள் வைக்கப்பட்டன. அதற்கு முன்னர் முதன்மைக் கமரா ஒரு முனையில் மட்டும் இருக்கும். ஓர் ஓவரில் பந்துவீச்சாளரின் முதுகுப் பக்கமிருந்து பார்ப்போம். அடுத்த ஓவரில் துடுப்பாட்டக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்போம். இரு முனைகளிலும் கமரா வந்த பின்னர் ஒவ்வொரு ஓவருக்கும் படம் மாறி, பார்ப்பவருக்கு எப்போதும் ஒரே பக்கப் பார்வை கிடைத்தது.

இந்தப் புதிய பாணி தொலைக்காட்சிக் கிறிக்கெட் வேரூன்றிய இடங்களில் ஒன்று சார்ஜா. தொழிலதிபர் அப்துல் ரஹ்மான் புக்காதிரின் முயற்சியால் பாலைவன மண்ணில் ஒரு கிறிக்கெட் மைதானம் எழுந்தது. அங்கே முதலாவது ஒருநாள் சர்வதேசப் போட்டி 1984 ஏப்ரல் 6ஆம் திகதி, முதலாவது ஆசியக் கிண்ணத்தில் நடந்தது. மோதியவை பாகிஸ்தானும் இலங்கையும். வென்றது இலங்கை. 1986இல் கடைசிப் பந்தில் ஜாவிட் மியண்டாட் அடித்த ஆறு ஓட்டம், 1998 ஏப்ரலில் மணற்புயல் குறுக்கிட்ட போட்டியில் சச்சின் டெண்டுல்கர் பெற்ற 143 ஓட்டங்கள் எல்லாம் இந்த மைதானத்தில் நடந்தவைதான். இதுவரை 200க்கும் மேற்பட்ட ஒருநாள் போட்டிகளை நடத்திய மைதானம் அது.

வெள்ளிக்கிழமை விடுமுறை நாட்களில் அங்கே போட்டி பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். மலிவான இருக்கைகளில் நிறைந்திருந்தவர்கள் கட்டட வேலையாட்கள், சாரதிகள், கடைச் சிப்பந்திகள், என்னைப் போன்ற கணக்கெழுதும் பிள்ளைகள். பின்னர் அதே போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தால், ஆட்டத்தின் இடைவெளிகளில் கமரா பெரும்பாலும் பெரிய மனிதர்களும் ஹிந்தித் திரை நட்சத்திரங்களும் அமர்ந்திருந்த பக்கத்துக்கே போகும். நாங்கள் கூட்டமாக, தூரத்தில், நிறப் புள்ளிகளாகத் தெரிவோம். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கமராவை மாற்றும் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் நாளைக்கு வரலாறாகத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முரளியின் முழங்கை

ஒரே கோணத்தை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மவர் ஒருவரின் கதையே சாட்சி. கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராது. 1995ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் மெல்பேர்ணில் தொடங்கிய ரெஸ்ற் போட்டியில் நடுவர் டெரல் ஹெயர், முரளி பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கூறி ஏழு முறை 'நோ போல்' கொடுத்தார். அவர் நின்ற இடத்திலிருந்து, அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் முரளியின் பந்துவீச்சு ஆராயப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் பல திசைகளில் அதிவேகக் கமராக்களை நிறுத்தி, எல்லாப் படங்களையும் ஒரே கணத்துக்குப் பொருத்தி முழங்கையின் அசைவை அளந்தார்கள். நிமிராத முழங்கையும் அசாதாரணமாகச் சுழலும் தோளும் மணிக்கட்டும் சேர்ந்து, எறிவது போன்ற கண்மயக்கைத் தருகின்றன என்பதே முடிவு. பின்னர் 2005இல் சர்வதேசக் கிறிக்கெட் சபை எல்லாப் பந்துவீச்சாளர்களுக்கும் 15 பாகை வரை முழங்கை நிமிரலாம் என்று விதி வகுத்தது.

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் திகதி, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, சார்ஜாவில் இந்தியாவுக்கு எதிராக முரளி 30 ஓட்டங்களைக் கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்நாளில் ஒருநாள் போட்டிகளில் அதுவே உலக சாதனை. எதிரணி ஆதரவாளர்கள் நிறைந்த அந்த மைதானத்தில் எங்களில் சிலர் எழுந்து நின்று கைதட்டினோம். ஒரு கோணம் குற்றவாளி என்று சொன்ன மனிதரைப் பல கோணங்கள் சேர்ந்து காப்பாற்றியிருந்தன.

இயந்திரம் எப்படிப் பழகியது?

பல கமராப் பதிவுகளைப் பொருத்துவதற்கு முதலில் ஒரு பொதுவான மணிக்கூடு வேண்டும். 1960களின் பிற்பகுதியில் 'டைம் கோட்' என்ற முறை உருவானது. ஒளிநாடாவின் ஒவ்வொரு படச் சட்டத்துக்கும் மணி, நிமிடம், விநாடி, சட்டம் என்று ஓர் இலக்கம். ஐரோப்பாவிலும் இலங்கையிலும் வளைகுடாவின் பெரும்பாலான நாடுகளிலும் விநாடிக்கு 25 சட்டங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 30. கணக்காளர்களுக்கு இது நன்றாக விளங்கும். ஒவ்வொரு பதிவுக்கும் தொடர் இலக்கம் இட்டால்தான் பேரேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

1971இல் கணினியால் இயங்கும் தொகுப்புக் கருவி வந்தது. 1989இல் 'அவிட்' வந்தது. 2005இல் 'ஃபைனல் கட் புரோ'வின் ஐந்தாவது பதிப்பு, பல கமராக்களின் படங்களையும் சாதாரண மேசைக் கணினியிலேயே ஒன்றாக ஓடவிட்டு, வேண்டிய படத்தைச் சொடுக்கித் தேர்ந்தெடுக்க வழி செய்தது. சில ஆண்டுகளில் 'புளூரல் ஐஸ்' போன்ற கருவிகள், எல்லாக் கமராவிலும் பதிந்திருக்கும் ஒலியை ஒப்பிட்டுப் படங்களைத் தாமாகவே பொருத்தின. இதுவரை இயந்திரம் செய்தது பொருத்தும் வேலை மட்டுமே. தேர்ந்தெடுத்தது மனிதர்.

அடுத்த படி, தேர்வையும் இயந்திரத்திடம் கொடுப்பது. 2014இல் டிஸ்னி ஆராய்ச்சியாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு நிகழ்வைப் பலர் தத்தம் கமராக்களில் எடுத்திருந்தால், அவர்களில் அதிகம் பேர் எந்த இடத்தை நோக்கிக் கமராவைத் திருப்பியிருக்கிறார்கள் என்பதைக் கணித்து, அந்த இடத்தை நன்றாகக் காட்டும் படத்தை அது தெரிவு செய்யும். 2025இல் வந்த 'டாவின்சி ரிசோல்வ்' 20ஆவது பதிப்பு, குரலையும் உதட்டசைவையும் கவனித்துப் பேசுபவரின் கமராவுக்கு மாறுகிறது.

சாதாரணமாகப் பாவிக்கப்படும் கருவிகளின் விதி இன்னும் எளியது. ஒவ்வொருவருக்கும் ஓர் ஒலிவாங்கி, ஒரு கமரா. எந்த ஒலிவாங்கியில் சத்தம் கூடுகிறதோ அந்தக் கமரா. இருவரும் ஒன்றாகப் பேசினால் பொதுக் கமரா. படம் துடிதுடிக்காமல் இருக்க, ஒரு காட்சி இத்தனை விநாடியாவது நிற்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு. இவ்வளவுதான். உரையாடலுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. பேசுபவர்தானே அங்கே முக்கியமானவர்.

கட்டாரில் பன்னிரண்டு கமராக்கள்

இனி மறுபடியும் வளைகுடாவுக்கு வருவோம். 2022 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்காக 'ஓஃப்சைட்' கண்டுபிடிக்கும் ஒரு முறை தயாரானது. 2021 இறுதியில் கட்டாரில் நடந்த அரபுக் கிண்ணத்திலும், 2022 பெப்ரவரியில் அபுதாபியில் நடந்த கழக உலகக் கிண்ணத்திலும் அதைப் பரீட்சித்தார்கள். அரங்கின் கூரைக்குக் கீழே 12 கமராக்கள். அவை பந்தையும் ஒவ்வொரு வீரரின் உடலில் 29 புள்ளிகளையும் விநாடிக்கு 50 முறை அளக்கும். பந்தின் நடுவிலுள்ள உணரி விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பும்.

நவம்பர் 20ஆம் திகதி அல் பைத் அரங்கில் கட்டாரும் எக்குவடோரும் ஆடிய முதலாவது போட்டியின் மூன்றாவது நிமிடத்தில் என்னர் வலென்சியா பந்தை வலைக்குள் செலுத்தினார். அரங்கிலிருந்தவர்களுக்கும் வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கும் அது சரியான கோலாகவே தெரிந்தது. ஆனால் அதற்குச் சற்று முன்னர் இன்னொரு வீரரின் கால் ஓஃப்சைட் நிலையில் இருந்தது என்று கோல் மறுக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயரே 'பாதித் தானியங்கி' என்பதுதான். இயந்திரம் முதலில் வீடியோ நடுவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். அவர்கள் பந்து உதைக்கப்பட்ட கணத்தையும் கோட்டையும் சரிபார்ப்பார்கள். அதற்குப் பிறகே மைதான நடுவருக்குத் தகவல் போகும். இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு நுட்பமாக அளந்தவர்களும் கடைசிக் கையெழுத்தை மனிதரிடமே விட்டார்கள்.

அந்த அரங்குகளைக் கட்டியவர்களில் இந்தியா, நேபாளம், பங்களாதேஷ், இலங்கை ஆகிய நாடுகளின் தொழிலாளரும் இருந்தார்கள். எந்தக் கமராவும் அவர்கள் பக்கம் திரும்ப வேண்டும் என்று எந்த விதியும் இருக்கவில்லை. பத்திரிகையாளர்களும் தொழிலாளர் உரிமை அமைப்புகளும் வேறு கோணத்தில் நின்று பார்த்ததால்தான் அந்த மக்களின் கதை உலகுக்குத் தெரிந்தது.

வழுக்கைத் தலையும் பந்தும்

மனிதரின் கண் இல்லாமல் முழுவதையும் இயந்திரத்திடம் விட்டால் என்ன ஆகும்? 2020 ஒக்டோபர் 24ஆம் திகதி ஸ்கொட்லாந்தில் இன்வர்னெஸ் கழகத்துக்கும் எயர் யுனைட்டட் கழகத்துக்கும் போட்டி. கொரோனாக் காலம், பார்வையாளர் இல்லை. பந்தைத் தானாகப் பின்தொடரும் கமராவைக் கொண்டு போட்டியை ஒளிபரப்பினார்கள். கோட்டு நடுவருக்கு வழுக்கைத் தலை. அதைப் பந்து என்று நினைத்த கமரா, ஆட்டத்தை விட்டுவிட்டு அடிக்கடி அவர் தலையையே காட்டிக்கொண்டிருந்தது. உலகமே சிரித்தது.

ஆனால் இயந்திரம் பழுதடையவில்லை. உருண்டையாக, வெளிச்சத்தில் பளபளப்பதைத் தேடு என்று அது பழக்கப்பட்டிருந்தது. தேடிக் கண்டுபிடித்தது. எது ஆட்டம் என்பது அதற்குத் தெரியாது.

கெட்டிமேளம் கொட்டும் போது

இப்போது நேயர்களின் கேள்விக்கு வருகிறேன்.

சத்தம் கூடிய பக்கம் திரும்பும் கருவியை நமது கலியாண வீட்டில் வைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். ஐயர் கையை உயர்த்துகிறார். கெட்டிமேளம். அந்தக் கணத்தில் மண்டபத்திலேயே மிகப் பெரிய சத்தம் தவிலும் நாதஸ்வரமும்தான். கருவி தன் விதிப்படி தவில்காரரைக் காட்டும். தாலி கட்டும் காட்சி போய்விடும்.

அரங்கேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கிகள் நட்டுவனாருக்கும் பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் முன்னால் இருக்கின்றன. ஆடும் பிள்ளைக்கு ஒலிவாங்கி கிடையாது. பத்து வருடம் பயின்று பதத்துக்கு அபிநயம் பிடிக்கும் பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டுக் கருவி நட்டுவாங்கத்தையே சுற்றும். நமது சடங்குகளில் சத்தம் பெரும்பாலும் முக்கியமானதற்குத் துணை நிற்பது. முக்கியமான காரியம் சத்தமில்லாமல் நடக்கிறது. ஒரு மூலையில் கதிரையில் இருந்து கண்ணைத் துடைக்கும் அம்மம்மாவுக்கு எந்த ஒலிவாங்கியும் இல்லை.

ஆகவே என் பதில் இதுதான். பேச்சு, நேர்காணல், பட்டிமன்றம் போன்றவற்றைக் கருவியிடம் கொடுங்கள். ஆனால் வெளியிடுவதற்கு முன்னர் ஒருவர் முழுவதையும் பார்க்கட்டும். தொண்டையைச் செருமினாலும் கமரா திரும்பிவிடும். கலியாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம், இறுதிக் கிரியை ஆகியவற்றுக்குக் கருவி படங்களைப் பொருத்தட்டும். தெரிவு செய்ய, நமது சடங்கு தெரிந்த ஒருவரை வையுங்கள்.

உறுதிச்சீட்டுகளை எறிய வேண்டாம்

கடைசியாக, கணக்காளனாக ஒரு வார்த்தை. தொகுத்து முடித்த வீடியோ என்பது ஐந்தொகை போன்றது. வருடத்தின் முடிவு அதில் அழகாகத் தெரியும். ஆனால் ஐந்தொகை கிடைத்துவிட்டது என்று உறுதிச்சீட்டுகளை எறிகிறோமா? கணக்காய்வாளர் வந்து கேட்டால் காட்ட வேண்டியவை அவைதான். ஒவ்வொரு கமராவின் முழுப் பதிவும் நமக்கு உறுதிச்சீட்டு.

செலவைப் பார்ப்போம். விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 22.5 ஜிகாபைட். மூன்று கமரா, நான்கு மணி நேரக் கலியாணம் என்றால் மொத்தம் 270 ஜிகாபைட். ஒரு டெராபைட் வட்டில் மூன்று கலியாணங்களை முழுமையாக வைக்கலாம். ஒன்றைப் போல இன்னொன்று வேறொரு வீட்டிலும் இருக்கட்டும். மண்டப அலங்காரச் செலவில் இது ஒரு மூலைக்கும் வராது. வீடியோக்காரரோடு பேசும்போதே, வெட்டாத பதிவுகளையும் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பலர் சில மாதங்களில் அவற்றை அழித்துவிடுகிறார்கள்.

பழைய வி.எச்.எஸ். கசெற்றுகளும் அப்படியே. கனடாவிலிருந்து வந்த கசெற் மற்ற நாடுகளில் ஓடாமல், டுபாயில் வாங்கிய 'மல்ரி சிஸ்டம்' டெக் உள்ள வீட்டைத் தேடிப் போன காலம் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கசெற்றுகள் அலுமாரியில் கிடந்து பழுதாகின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றும்போது 'நல்ல பகுதி'யை மட்டும் மாற்ற வேண்டாம். முழுவதையும் மாற்றுங்கள்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து ஓரிரவில் புறப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ அல்பங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தன. நம்மில் பலரிடம் தாத்தாவின் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. அது யாரோ எடுத்த கூட்டப் படத்தின் ஓரத்தில், யாரும் அவரை எடுக்க நினைக்காத நேரத்தில், தற்செயலாக விழுந்த படமாகவும் இருக்கலாம். நாளைக்கு நமது பேரப்பிள்ளைகள் யாரைத் தேடுவார்கள் என்பது இன்று நமக்குத் தெரியாது. கருவிக்கும் தெரியாது. அதனால்தான் எல்லாக் கோணங்களையும் வைத்திருக்கச் சொல்கிறேன். தெரிவை அவர்களும் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

வீட்டில் வெட்டாத பழைய கசெற் உள்ளவர்கள் நிலையத்துக்குக் கொண்டு வந்தால், கணினிக்கு மாற்றிக் கொடுக்க எங்கள் இளைய தொண்டர்கள் தயாராக இருக்கிறார்கள். மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.